எழுதப்படாத இலக்கணம்

"ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்ற வாக்கியத்தில் எந்த நாள் என்பது இல்லை, நேரம் இல்லை, பல சமயம் முகவரியும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இதைக் கேட்டவர் மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் போய் நின்றால், அழைத்தவர் வீட்டில் ஒரே பரபரப்பாகிவிடும். சொற்கள் விருந்துக்கு அழைக்கின்றன. சொன்னவர் விடைபெறுகிறார், அவ்வளவுதான். "சாப்பிட்டாச்சா?" என்பதும் இதே வகை. பந்தி மேற்பார்வை செய்பவர் கேட்டால் அது கேள்வி. தெருவில் எதிர்ப்பட்டவர் கேட்டால் வணக்கம். வணக்கத்துக்குப் பதிலாகக் காலைச் சிற்றுண்டியின் முழு விவரத்தையும் ஒருவர் ஒப்பித்தால், கேட்டவர் மெல்லக் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். கடிகாரத்தைப் பார்ப்பது மணி அறிவதற்காக அன்று என்பதும் இன்னொரு எழுதப்படாத விதி.

இந்த விதிகளை எந்தப் பள்ளியும் பாடமாக நடத்தியதில்லை. ஆனாலும் பெரும்பாலோர் பத்து வயதுக்குள் இவற்றைக் கற்றுவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர், "‘எனக்குப் பசிக்கிறது’ என்கிறீர்களே, ‘நான் பசிக்கிறேன்’ என்றால் என்ன தவறு?" என்று கேட்டால், தமிழர் பெரும்பாலும் சொல்லும் பதில் "அப்படிச் சொல்ல மாட்டோம்" என்பதுதான். விதி அவருக்குள் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டும் வழி அவரிடம் இல்லை. தாய்மொழியின் இயல்பு அது. பிற்பாடு கற்பவருக்கோ வேற்றுமை உருபு, வினைமுற்று என்று பெயரிட்டுப் பிரித்துக் காட்டும் இலக்கணப் புத்தகம் தேவைப்படுகிறது.

பழகும் முறையும் ஒரு மொழிதான். அதைத் தாய்மொழியாகப் பெறாமல், வளர்ந்தபின் இரண்டாம் மொழியாகக் கற்க வேண்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இந்த இலக்கணத்தை எழுதிக் கற்பிக்க முடியுமா என்பது கடந்த சில பத்தாண்டுகளாக உளவியலாளர்கள் ஆராய்ந்துவரும் கேள்வி.

பெயர்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். மனித மூளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல, அவை இயங்கும் விதங்களில் இயல்பாகவே பன்மை உண்டு என்ற கருத்து 1990களில் ஆட்டிசம் உள்ளோரின் இணையக் குழுக்களில் உருப்பெற்றது. அந்தப் பன்மையை நரம்பியல் பன்மை என்று தமிழில் சொல்லலாம். ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏடிஎச்டி, வாசிப்புச் சிரமமான டிஸ்லெக்சியா முதலியவை இதில் அடங்கும். ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்ற தமிழ்ச்சொல் வழங்குகிறது. ஆனால் மதி இறுகிவிட்டது என்று ஒருவரைப் பற்றிச் சொல்வது அறிவியலாகவும் இல்லை, மரியாதையாகவும் இல்லை. ஆகவே இங்கே ஆட்டிசம் என்ற சொல்லே போதும். பழகுவதில் வரும் சிக்கலும் எல்லாருக்கும் ஒன்றல்ல. ஏடிஎச்டி உள்ளவர்களில் பலருக்கு விதி தெரியும். அது நினைவுக்கு வருமுன் வாய் முந்திக்கொள்ளும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கோ அப்படி ஒரு விதி இருப்பதே பிறர் முகம் கோணிய பிறகுதான் தெரியவரும். இங்கு பேசப்படுவது பெரும்பாலும் ஆட்டிசம் உள்ள இளைஞர்களைப் பற்றி. ஆய்வுகள் மிகுதியாக நடந்திருப்பது அவர்களிடத்தில்தான்.

இளைஞர்கள் என்று தனியே பிரிப்பதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் பழக்கம் என்பது பாதி ஏற்பாட்டிலேயே நடந்துவிடும். மணி அடிக்கும், பக்கத்து இருக்கையில் அதே ஆள் இருப்பார், எதைப் பற்றிப் பேசுவது என்பதைக்கூட அடுத்த வாரத் தேர்வு முடிவு செய்துவிடும். பள்ளி முடிந்ததும் இந்தச் சாரம் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. வாடகை வீட்டுக்காரரிடம் குழாய் ஒழுகுவதைச் சொல்வது, மேலாளரிடம் விடுப்புக் கேட்பது, கடன் கேட்கும் நண்பரிடம் இல்லை என்பது, பிடித்தவரிடம் பிடித்திருப்பதைச் சொல்வது எல்லாம் அதன்பின் ஒருவர் தாமே தொடங்கி நடத்த வேண்டியவை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் பள்ளி உதவிகள் பள்ளிப் படிப்போடு, அல்லது பெரும்பாலான மாநிலங்களில் 21, 22 வயதோடு, நின்றுவிடுகின்றன. மலை விளிம்பில் பாதை சட்டென்று முடிவதுபோல் இருப்பதால் அங்குள்ளோர் அதைச் சேவைகளின் செங்குத்துச் சரிவு என்கிறார்கள். சரிவின் ஆழத்தை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது: ஆட்டிசம் உள்ள அமெரிக்க இளைஞர்களில், பள்ளியை விட்டு இரண்டு ஆண்டுக்குள் இருந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேலையிலும் இல்லை, மேற்படிப்பிலும் இல்லை.

பழகும் முறை என்னும் அந்த மொழி எவ்வளவு கடினம் என்பது உரையாடலில் கால அளவைப் பார்த்தால் தெரியும். 2009இல் தான்யா ஸ்டிவர்ஸும் உடன் ஆய்வாளர்களும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து, ஒருவர் கேள்வி முடிந்ததற்கும் மற்றவர் பதில் தொடங்கியதற்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்தார்கள். சராசரி ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு. ஜப்பானியர் இன்னும் விரைவு, டேனிஷ் பேசுவோர் சற்று நிதானம். எந்த மொழியிலும் சராசரி இடைவெளி அரை நொடியைத் தாண்டவில்லை. தமிழ் இலக்கணம் மாத்திரையை அளக்கக் கையாளும் இமைப்பொழுதின் அளவுதான் இந்த இடைவெளி. இதில் ஒரு விந்தை இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு 0.6 நொடி அளவில் ஆகிறது. அப்படியானால் 0.2 நொடியில் பதில் எப்படி வரும்? எதிராளி பேசி முடிக்குமுன்பே, அவர் எங்கே முடிப்பார், என்ன சொல்லி முடிப்பார் என்று கணித்து, பதிலைத் தயாராக வைத்திருந்தால்தான் வரும். சுழலும் கயிற்றுக்குள் பாய்ந்து தாண்டும் சிறுமி, கயிறு தரையைத் தொட்ட பிறகு யோசிக்கத் தொடங்குவதில்லை. அவள் கால் முன்னதாகவே கணக்குப் போட்டிருக்கும். கணக்கில் அரை நொடி தவறினாலும் கயிறு காலில் மாட்டும். பேச்சில் அரை நொடி தவறினால் இடைமறித்தவர் என்றோ மந்தமானவர் என்றோ பெயர் வரும்.

கணிக்க வேண்டியது சொற்களை மட்டும் அன்று. எதிராளிக்கு என்ன தெரியும், என்ன வேண்டும், எப்போது சலித்தது என்பதையும்தான். இதைப் பிறர்மனக் கணிப்பு என்று சொல்லலாம். இதைச் சோதிக்க ஓர் எளிய பொம்மை நாடகம் உண்டு. சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற இன்னொருத்தி அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்துவிடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? கூடையில்தான் என்று சொல்லக் குழந்தைக்கு ஒன்று புரிந்திருக்க வேண்டும்: தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது. 1985இல் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் ஆகியோர் லண்டனில் இதைச் செய்து பார்த்தபோது, ஆட்டிசம் இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டி என்றார்கள்.

ஆட்டிசம் உள்ளோருக்குப் பிறர் மனம் புரியாது என்ற முடிவு இதிலிருந்து பரவியது. அவசர முடிவு அது. வளர்ந்தவர்களில் பலர் இந்தச் சோதனையை எளிதில் தாண்டிவிடுகிறார்கள். அப்படியானால் வேறுபாடு எங்கே? 2009இல் அட்சுஷி சென்ஜுவின் குழு எந்தக் கேள்வியும் கேட்காமல், இதே போன்ற காட்சியைப் பார்ப்பவரின் விழி எந்தப் பக்கம் போகிறது என்று கருவியால் அளந்தது. ஆட்டிசம் இல்லாத பெரியவர்களின் கண், கதாபாத்திரம் எங்கே தேடப்போகிறதோ அந்த இடத்துக்கு முன்கூட்டியே தாவியது. ஆட்டிசம் உள்ளவர்களின் கண் அப்படித் தாவவில்லை. அதே ஆட்கள் வாயால் கேட்டபோது சரியான விடையே சொன்னார்கள். கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது. கேட்காமல் தானாக ஓடும் கணக்கு ஓடவில்லை. இரண்டாம் மொழி பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்தில் கட்டிப் பார்த்துப் பேசுவதை நினைத்துக்கொள்ளலாம். பேச்சில் பிழை இருக்காது. ஆனால் ஒரு மணி நேர விருந்துக்குப் பிறகு அவருக்குத் தலை வலிக்கும்.

இலக்கணம் எழுதப் புகுந்தவர்கள் முதலில் சந்தித்த தடை, தாய்மொழிக்காரர்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் தவறாக இருந்ததுதான். ஒரு கூட்டத்தில் எப்படிச் சேர்வது என்று கேட்டால், "நேராகப் போய் வணக்கம் சொல்லி உன்னை அறிமுகம் செய்துகொள்" என்பார்கள் பெற்றோர். கேலி செய்தால்? "கண்டுகொள்ளாதே" அல்லது "ஆசிரியரிடம் சொல்." அப்படிச் சொல்பவர்கள் தாங்கள் அவ்வாறு செய்வதில்லை என்பதைக் கவனிப்பதில்லை. தேநீர்க் கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஐந்தாவது ஆள் வருகிறார் என்றால், கண்ணாடித் தம்ளரோடு இரண்டடி தள்ளி நிற்பார், பேச்சு கிரிக்கெட்டா அரசியலா என்று காது கொடுப்பார், ஒரு சிரிப்பில் தானும் சிரிப்பார், பேச்சு ஓய்கிற நொடியில் அதே பொருளில் ஒரு வரி போடுவார். பெயர் சொல்லி அறிமுகம் ஆவதெல்லாம் கடைசியில், பல சமயம் அதுவும் இல்லை. நேரே போய் "வணக்கம், என் பெயர் இன்னது" என்று தொடங்குபவரை நால்வரும் காப்பீட்டு முகவர் என்றே நினைப்பார்கள்.

இது வெறும் அனுபவ ஊகம் இல்லை. 1981இல் மார்த்தா புட்டல்லாஸும் ஜான் காட்மனும், இரண்டு குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு மூன்றாவது குழந்தையை அனுப்பி, அது எப்படிச் சேர்கிறது என்று பதிவு செய்தார்கள். வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த குழந்தைகள் நடந்துகொண்டிருக்கும் விளையாட்டோடு ஒட்டிப் பேசினார்கள். அவ்வளவாக விரும்பப்படாத குழந்தைகள் கேள்வி கேட்டார்கள், மறுத்துப் பேசினார்கள், தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஓடுகிற பேருந்தின் போக்கிலேயே இரண்டு அடி ஓடி ஏறுவது முதல் வகை. பேருந்தை நிறுத்தித் தன் பக்கம் திருப்பப் பார்ப்பது இரண்டாம் வகை. இத்தகைய கவனிப்புகள்தான் மூலப்பொருள். நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவர் போல ஆய்வாளர்கள், பழகத் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டார்கள்.

அந்தக் குறிப்புகளை வளர்ந்தவர்களுக்கான பாடமாக்கியவற்றில் அதிகம் சோதிக்கப்பட்டது பீர்ஸ் என்ற திட்டம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் ஃபிராங்கல் குழந்தைகளுக்காக நட்புப் பயிற்சி ஒன்றை நடத்திவந்தார். எலிசபெத் லாகசன் அதைப் பதின்பருவத்தினருக்கும் பிறகு இளைஞர்களுக்கும் ஏற்ப விரிவாக்கினார். இளைஞர் வகுப்பு வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், 16 வாரம். உரையாடலைத் தொடங்குவது, முடிப்பது, கைப்பேசிச் செய்தி, நகைச்சுவை, கூட்டத்தில் சேர்வது, நண்பர்களை வீட்டுக்கு அழைப்பது, காதலைத் தெரிவிப்பது, கருத்து வேறுபாடு, கேலியும் வதந்தியும் என்று பாடங்கள் போகும்.

இதன் நுட்பம் பாடத்தலைப்பில் இல்லை, பாடம் உடைக்கப்படும் விதத்தில் இருக்கிறது. "கூட்டத்தில் கலந்து பழகு" என்பது கட்டளை. அதை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. "தள்ளி நின்று கேள். கையில் கைப்பேசி போல ஏதாவது இருக்கட்டும், வெறித்துப் பார்ப்பதாகத் தோன்றாது. பேசும் பொருள் உனக்குத் தெரிந்ததா என்று பார். தெரியும் என்றால் கிட்டே போ. ஓய்வு வரும்வரை காத்திரு. அந்தப் பொருளைப் பற்றியே ஒன்று சொல். அவர்கள் உன் பக்கம் திரும்பினார்களா, தோளைத் திருப்பிக்கொண்டார்களா என்று பார்" என்பது செய்முறை. சமையல் குறிப்பில் ‘தேவையான அளவு உப்பு’ என்று எழுதினால் கைப்பழக்கம் உள்ளவருக்குப் போதும். முதல் முறை சமைப்பவருக்கு அரைத் தேக்கரண்டி என்று எழுத வேண்டும். வெளியேறுவதற்கும் படிகள் உண்டு. தோள்கள் திரும்பவில்லை என்றால் பார்வையை மெல்ல வேறு பக்கம் திருப்பி, பிறகு உடலைத் திருப்பி, நடந்துவிடலாம். முயற்சிகள் யாருக்குமே எல்லா முறையும் பலிப்பதில்லை என்பதும் பாடத்திலேயே சேர்ந்திருக்கிறது. தாய்மொழிக்காரர்கள் சொல்ல மறக்கும் செய்தி அதுதான்.

சில விதிகள் எண்ணிக்கையாகவே தரப்படுகின்றன. பதில் வராத ஒருவருக்குத் தொடர்ந்து இரண்டு செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்பது ஒன்று. ‘அடிக்கடி தொல்லை செய்யாதே’ என்றால் எத்தனை அடிக்கடி என்ற குழப்பம் மிஞ்சும்; இரண்டு என்றால் எண்ணிவிடலாம். நகைச்சுவைக்கும் அப்படியே. சொன்ன வேடிக்கைக்குப் பிறகு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கற்பிக்கிறார்கள்: கூடச் சிரிக்கிறாரா, பார்த்துச் சிரிக்கிறாரா, மரியாதைக்குச் சிரிக்கிறாரா, கண்ணை உருட்டுகிறாரா.

வகுப்பில் பயிற்றுநர்கள் முதலில் தவறான முறையை நடித்துக் காட்டுவார்கள். ஒருவர் மூச்சுவிடாமல் தனக்குப் பிடித்ததையே பேசுவார். மற்றவர் தவித்து நிற்பார். சிரிப்பு அடங்கியதும் மூன்று கேள்விகள்: எதிரில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? என்னோடு மறுபடி பேச விரும்புவாரா? தானாக ஓடாத அந்தக் கணக்கை, கேள்வியாகக் கேட்டு ஓட வைக்கும் உத்தி இது. பிறகு சரியான முறை, பிறகு மாணவர்களின் ஒத்திகை, பிறகு வீட்டுப்பாடம். ஒவ்வொருவருக்கும் பெற்றோரோ உடன்பிறந்தாரோ நண்பரோ ஒருவர் துணைப் பயிற்றுநராக வருகிறார். அவர்களுக்குத் தனி அறையில் வகுப்பு நடக்கும். வாரம் முழுவதும் வீட்டுப்பாடத்துக்குத் துணை நிற்பது அவர்கள் வேலை.

இது பலிக்கிறதா என்று எப்படி அறிவது? பயிற்சி பெற்றவர்கள் முன்னேறினார்கள் என்றால் மட்டும் போதாது. நாலு மாதத்தில் வயதும் கூடியிருக்கும், வீட்டாரின் கவனமும் கூடியிருக்கும். அதனால் விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே பயிற்சி கொடுத்து, மறுபாதியைக் காத்திருக்க வைத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். 2012இல் 17 இளைஞர்களைக் கொண்டு வெளியான முதல் சோதனையிலும், 2015இல் 22 பேரைக் கொண்டு வெளியான அடுத்ததிலும் பயிற்சி பெற்றோரின் பழகும் திறன் கூடியதாக வீட்டார் தெரிவித்தார்கள். இரண்டாவது சோதனையில் 16 வாரம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றத்தின் பெரும்பகுதி நிலைத்திருந்தது. திட்டத்தை உருவாக்கியவர்களே சோதித்தால் சந்தேகம் வருவது நியாயம். மில்வாக்கியில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு 56 பேரிடம் மறுபடி செய்து 2016இல் வெளியிட்ட முடிவும் ஏறத்தாழ இதே திசையில் இருந்தது.

ஆனாலும் இங்கே நின்று யோசிக்க வேண்டும். எண்ணிக்கைகள் சிறியவை. அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. திறன் கூடியதா என்று படிவத்தில் குறிப்பவர் துணைப் பயிற்றுநராக இருந்த அதே வீட்டார். 16 வாரம் தாமும் உழைத்தவருக்கு மாற்றம் கண்ணில் படத்தான் செய்யும். 2017இல் கேட்ஸ், காங், லெர்னர் ஆகியோர் குழுவாகப் பழகுதிறன் கற்பிக்கும் 19 குலுக்கல் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பெற்றோர் அளவில் முன்னேற்றம் தெரிந்தது. ஆசிரியர் அளவில் தெரியவில்லை. இளையோரைக் கேட்டபோது, என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதைச் செய்வதாகச் சொல்லவில்லை. நீச்சல் பற்றி எழுத்துத் தேர்வு வைத்தது போலத்தான். வகுப்பில் கற்றது வகுப்பிலேயே தங்கிவிடுவதைப் பயிற்சியின் இடமாற்றச் சிக்கல் எனலாம். இத்துறையின் மையமான குறை இதுவே.

குளத்திலேயே நீச்சல் கற்பித்தால் என்ன என்று கேட்டவர்களின் விடை புராஜெக்ட் சர்ச். 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய திட்டம் அது. பள்ளியின் கடைசி ஆண்டை மாணவர்கள் வகுப்பறையில் கழிக்காமல், மருத்துவமனை போன்ற ஒரு பணியிடத்தில் துறை துறையாக மாறி வேலை பழகிக் கழிக்கிறார்கள். கருவிகளைக் கழுவி அடுக்குமிடம் ஒன்று, மருந்துக் கிடங்கு ஒன்று என்று போகும். கூடவே ஒரு பணிப் பயிற்றுநர் இருப்பார். மின்தூக்கியில் மருத்துவரைப் பார்த்தால் என்ன சொல்வது, பெட்டிகளை அடுக்கி முடித்தபின் சும்மா நிற்பதா அடுத்த வேலையைக் கேட்பதா, மதிய உணவில் யாரோடு உட்கார்வது என்பதெல்லாம் நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நொடியிலேயே சொல்லித் தரப்படும். பால் வேமனின் குழு வர்ஜீனியாவில் ஆட்டிசத்துக்கு ஏற்ற துணைகளைச் சேர்த்து இதைக் குலுக்கல் முறையில் சோதித்து 2014இல் வெளியிட்டது. இந்த முறையில் படித்த 24 பேரில் 21 பேருக்கு வேலை கிடைத்தது. வழக்கமான பள்ளி ஏற்பாட்டில் இருந்த 16 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது. பழகுதிறன் ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு அரிது. இங்கே அளந்ததும் படிவத்தில் ஒருவர் போட்ட மதிப்பெண்ணை அன்று, கைக்கு வந்த சம்பளத்தை. வகுப்பறைப் பயிற்சி, பணியிடப் பயிற்சி என்ற இந்த இரண்டில் எதற்குப் பணம் செலவிடலாம் என்று ஓர் அரசு கேட்டால், சான்று எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயம் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கத்தார் மற்றவர் மொழியைக் கற்பது பற்றி. உரையாடலுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்ட்டன் 2012இல் ஒரு கேள்வி எழுப்பினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்கள். மற்றவர்களுக்கு அவர் மனம் புரிகிறதா? வெவ்வேறு விதமாக உலகை உணரும் இருவர் சந்திக்கும்போது புரியாமை இருவழியிலும் ஓடும், குறை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதப்படும் என்பது அவர் வாதம். இதை இருவழிப் புரிதல் சிக்கல் எனலாம். நோவா சாசனின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிக் காணொளிகளைப் பிறரிடம் காட்டி, இவரோடு பழக விருப்பமா என்று கேட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைந்த மதிப்பே கிடைத்தது, அதுவும் பார்த்த மாத்திரத்திலேயே. அவர்கள் சொன்ன சொற்களை மட்டும் எழுத்தில் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை. குரலும் முகமும் அசைவும் பழக்கமில்லாதவையாக இருந்தன.

கேத்தரின் குரோம்ப்டன் 2020இல் காதோடு காது சொல்லும் விளையாட்டையே சோதனையாக்கினார். 72 பேர், எட்டு எட்டுப் பேராகத் தொடர்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த தொடரில் கதை, ஆட்டிசம் இல்லாதோர் தொடரில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. கலந்த தொடரில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. மில்ட்டன் சொன்னது மெய்யாகிவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். அதே ஆய்வாளர்கள் 311 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து 2025இல் வெளியிட்டபோது, கலந்த தொடரிலும் இழப்பு கூடுதலாக இல்லை. தம் முடிவைத் தாமே ஆட்டிப் பார்த்து வெளியிட்டது நல்ல அறிவியல். ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தகவலைச் சொல்லத் தெரியாது என்ற பழைய எண்ணம் இரண்டு சோதனையிலும் தோற்றது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு எதிராகச் சொல்லப்படும் கடுமையான குற்றச்சாட்டும் இங்கிருந்தே வருகிறது. கையை ஆட்டாதே, கண்ணைப் பார், பிடித்த ரயில் கதையைப் பேசாதே என்று கற்பித்தால், அது திறன் கற்பிப்பதாக இல்லாமல் வேடம் கற்பிப்பதாகிவிடும். ஆட்டிசம் உள்ள பலர், பெண்கள் குறிப்பாக, யாரும் சொல்லாமலே இந்த வேடத்தைப் பல ஆண்டு போட்டுப் பழகியவர்கள். நாள் முழுக்க வேடம் கட்டியவர் இரவில் களைத்து விழுவார். 2018இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, வேடமிடல் மிகுந்தவர்களிடம் தற்கொலை எண்ணமும் மிகுந்திருப்பதைக் காட்டியது. ஆகவே ஒரு பயிற்சியை எடைபோட நல்ல கேள்வி ஒன்று உண்டு: அது கற்பவருக்கு வேண்டியதை அடையும் வழியைத் தருகிறதா, அல்லது பார்ப்பவருக்குக் கூச்சம் வராமல் பார்த்துக்கொள்கிறதா? கேலிக்கு எப்படி விடைதருவது என்பது முதல் வகை. கண்ணைப் பார்த்தே பேசு என்று வற்புறுத்துவது பெரும்பாலும் இரண்டாம் வகை.

இலக்கணம் ஊருக்கு ஊர் மாறும் என்பதும் உண்டு. பீர்ஸ் தென்கொரியாவுக்குப் போனபோது அங்குள்ள இளையோரின் பழக்கத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதினார்கள். 47 பேரிடம் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். தமிழுக்கு ஒரு பதிப்பு எழுதுவதானால் முதல் அத்தியாயமே வேறாக இருக்கும். எதிரில் இருப்பவரை நீ, நீங்கள் என்பதில் எதைச் சொல்லி அழைப்பது, கடைக்காரரை எந்த வயதுவரை அண்ணா, எந்த வயதிலிருந்து ஐயா, மேலாளரைப் பெயர் சொல்லலாமா, "வேண்டாம்" என்று மறுத்த காப்பியை எத்தனையாவது உபசாரத்தில் வாங்கிக்கொள்வது, இழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் "போயிட்டு வரேன்" என்று ஏன் சொல்லக்கூடாது என்பவையெல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் பாடநூலில் கிடைக்காது. கடைத்தெருவில் நின்று கவனித்துக் குறித்தால்தான் கிடைக்கும்.

ஒருவரின் மொழியை ஊரே கற்றுக்கொண்ட கதையும் உண்டு. ஆட்டிசம் என்ற நிலையை விரிவாக எழுதிய முன்னோடிகளில் ஒருவரான லியோ கேனரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் 11 குழந்தைகள் வருகிறார்கள். முதலாவது குழந்தை டொனால்ட் டிரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். எதைக் கண்டாலும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டும் இருந்த சிறுவனைச் சில காலம் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் வளர்த்தார்கள். அவர்கள் எண்ணாதே என்று சொல்லவில்லை. சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே உழச் சொன்னார்கள். கிணறு வெட்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். பிறகு உள்ளூர்ப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளோடு படித்தார், கல்லூரி போனார், குடும்பத்துக்குப் பங்கிருந்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். வசதியான குடும்பம் என்பதும் உதவியது. 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. ஊரார் அந்த எண்ணை வைத்துக்கொண்டார்கள். 2023 ஜூன் மாதம் 89 வயதில் காலமானார்.